காதுக்குத் தாமதமாக வந்த குரல்

இதை நான் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. அமலா அக்காவோடு கிளியனூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். மாதா கோயிலில் அவர் பக்கத்தில் நின்று பாடியவர்கள் இருக்கிறீர்கள். நம் வானொலிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவள் நான். முந்திக்கொண்டு எழுதுவதற்கு மன்னியுங்கள். அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன், உடனே உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் உட்கார்ந்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கமும் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் பயம். அன்று வாயில் வராததை நம் மாத இதழில் எழுதிவிடுகிறேன்.

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பேருந்தில் இருந்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டினால் நம் வானொலி கைப்பேசியில் பிடிக்கத் தொடங்கும். அங்கிருந்து இறங்கும்வரை காதில் மாட்டிக்கொண்டு வருவேன். ஒலியில் எங்காவது குறை தெரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. அமலா அக்கா பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை அவர் பூசைக்குப் போகவேண்டும் என்பதால் அன்றைய நிகழ்ச்சியை மட்டும் சனிக்கிழமையே பதிவு செய்து வைத்துவிடுவோம். விற்பனைக் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை என்ன விலைக்குப் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் அறுந்து மணி அடித்தது. நிலையத்தை நடத்தும் வசந்தா மேடம்.

“தேவகி, எங்க இருக்க?”

“பஸ்ல மேடம். கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன்.”

“நின்னுகினு இருக்கியா, உக்காந்துகினு இருக்கியா?”

“உக்காந்துகினுதான் மேடம்.”

“அமலா போயிட்டாம்மா. தலவலின்னு படுத்தவ பேச்சு மூச்சு இல்லாம கெடந்திருக்கா. பாண்டிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க. மூளையில ரத்தம் கசிஞ்சிடுச்சாம்.”

அவர் அழுதுகொண்டே இணைப்பைத் துண்டித்தார். கைப்பேசி தன் வேலையைச் செய்தது. அழைப்பு முடிந்ததும் வானொலியை மறுபடி காதில் விட்டது. “ஈரம் இல்லாத காயா பாத்து எடுத்துக்கினு போங்க, இல்லன்னா வெலய கொறச்சிடுவாங்க” என்றார் அமலா அக்கா, என் காதுக்குள், எப்போதும் போல. நான் காதிலிருந்து பிடுங்கிப் போட்டேன். பக்கத்து இருக்கை அம்மா, “என்னாம்மா, எறும்பா?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

உரக்கடை மாடியில் இருக்கும் நம் நிலையத்துக்கு நான் ஏறியபோது நிகழ்ச்சி முடிந்திருக்கவில்லை. கீழே கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. கணினியில் நிறுத்தும் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறந்துபோன ஒருவர் ஊருக்கெல்லாம் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நிறுத்தவேண்டும் என்று தோன்றியது. நிறுத்தினால் அவர் பேச்சை நானே பாதியில் அறுத்தது போல ஆகும் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே, “நாளைக்குப் பாக்கலாம், வர்றேங்க” என்று முடித்தார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் நிலையத்தில் கூடிப் பேசினார்கள். நேயர்கள் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அமலா எங்கே என்று கேட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மேடத்துக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது. வேறு குரல் வந்தால் ரேடியோவை அணைத்துவிடுவார்கள் என்றார் ஒருவர். இப்போது கணினியே ஒருவருடைய குரலில் பேசுகிறதே, அக்கா பேசிய பதிவுகள் நம்மிடம் இவ்வளவு இருக்கின்றனவே என்றார் இன்னொருவர். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளிலிருந்து, நாம் எழுதிக் கொடுப்பதை அக்காவின் குரலில் கணினி படிக்கும் என்று முடிவானது. அதைச் செய்யவேண்டியவள் நான். நிலையத்தில் கணினி படித்தவள் நான் ஒருத்திதான். “செய்வல்ல தேவகி?” என்றார் மேடம். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வேலை எனக்கு ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது என்பதை, அக்காவைப் பற்றிச் சொல்லித்தான் என்னால் சொல்ல முடியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதல் பட்டதாரிச் சான்றிதழை நெகிழி உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. பேர் என்ன என்று கேட்டார் அக்கா. சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடியும் எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். “வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருக்க?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று மாலை படியிறங்கும்போது அக்கா என்னோடு கூடவே இறங்கி வந்தார்.

“கோவமா?”

“இல்லக்கா.”

“அடுத்தவ வாயக் கிண்டல் பண்ற யோக்கியத எனக்கு இல்ல, தெரியுமா? பள்ளிக்கூடத்துல டீச்சர் கேக்கறப்ப என் பேர சொல்ல என்னால ஆவாது. ‘அ’ன்னு தொறந்த வாயி அப்டியே நிக்கும். என் பேர பாரு, அமலோற்பவம். பேர வெச்ச சாமியாரு ரெண்டெழுத்துல வெச்சிருக்கக் கூடாதா?”

திக்குவாய் இருந்தவரா நம் அமலா அக்கா என்று உங்களில் சிலர் வியக்கலாம். அது கோயில் பாட்டில் மட்டும் வராது என்று சிறுமியாக இருக்கும்போதே கண்டுகொண்டாராம். பேச்சையும் பாட்டைப் போல மூச்சில் ஏற்றிப் பழகினாராம். பேருக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு அழுத்தி, அந்த நிறுத்தத்தில் மூச்சை வைத்துக்கொண்டால் மீதி வந்துவிடும் என்றார். காலைதோறும் நீங்கள் கேட்டது அதுதான். “வணக்கம். நான்…” பிறகு அந்த இடைவெளி, பிறகு “அமலோற்பவம்.” பலர் அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்திருந்தார்கள். “போவல, இன்னும் போவல,” என்றார் அக்கா. “கதவுக்கு வெளிய நின்னுகினு இருக்கு. நான் தாப்பாள் போட்டு வெச்சிருக்கேன்.”

ஒரு கோடையில் அந்தத் தாழ்ப்பாள் விட்டுப்போனது.

முதலில் வந்தது ஒலியில் ஒரு கரகரப்பு. அக்கா பேசும்போது நடுநடுவே அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம். நம் நிலையத்தை அமைத்துக் கொடுத்த புதுச்சேரி அண்ணனைக் கைப்பேசியில் பிடித்தோம். அவர் அக்காவிடமே வழி சொன்னார்: திரையில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும், அதை ஏற்றுங்கள். கணினி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம் பஃபர். குடம் பெரிதானால் சிந்தாது. அக்கா ஏற்றினார். கரகரப்பு நின்றது. கை தட்டினோம். வசந்தா மேடம் டீ வாங்கி வரச் சொன்னார்.

குடம் பெரிதானால் நிரம்ப நேரமும் ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்க நம்மிடம் இருந்த ஒலிப்பெட்டி மலிவானது. ஒலிவாங்கியில் பேசுவது கணினிக்குள் போய்த்தான், காதணி என்று நாங்கள் சொல்லும் ஹெட்போனுக்குத் திரும்பி வரும். அக்கா பேசிய சொல் அவர் காதுக்கு ஒரு நொடியின் சிறு பகுதி பிந்தி வரத் தொடங்கியது. வீட்டில் கேட்பவருக்கு இதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பேசுபவருக்குத்தான் வித்தியாசம். தன் குரல் தனக்குத் தாமதமாகக் கேட்டால் யாருக்கும் நாக்கு தடுமாறும். நாங்கள் அதை அறியவில்லை. அக்காவும் அறியவில்லை. தடுமாறுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவருக்குத் தெரியும். சிறு வயதிலிருந்தே தெரியும்.

அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. முதலில் “தக்காளி”யில் நின்றார். பிறகு “திண்டிவனம்” வரவில்லை. தொண்டை சரியில்லை என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்த அன்றைக்கும் நின்றது. யார் கண்ணோ பட்டுவிட்டது என்று மேடம் கணினிப் பெட்டியின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். “கண்ணு பட்டது எனக்கா, மிசினுக்கா?” என்று அக்கா கேட்டார். சிரிக்கத்தான் அப்படிக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் மதியம் பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தபோது, உள்ளே அவர் காதணி மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தபடி நின்றிருந்தது. கட்டைவிரல் அழுத்தி அழுத்தி வெளுத்துப்போயிருந்தது. தன் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காதணியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

“யாராண்டயும் சொல்லிடாத. திரும்ப வந்துடுச்சி. இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன்.”

“எங்கக்கா போவீங்க?”

“எங்க போவேன்? களையெடுக்கப் போவேன். அங்க யாரும் பேரு கேக்க மாட்டாங்க.”

அவர் போகக்கூடாது என்று தோன்றியது. அவர் போய்விட்டால் அந்த மாடியில் என்னோடு பேச யாரும் இல்லை என்ற சுயநலமும் அதில் இருந்தது.

மறுநாள் அக்கா பதிவு அறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வரியை நாலாவது முறையாகப் படித்தும் வரவில்லை. அதே நேரம் கீழே பழைய இரும்பு வாங்குபவர் ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு வந்து நம் சன்னலுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தினார். அக்கா காதணியைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு சன்னலுக்குப் போனார். “யோவ், உனுக்கு வேற எடமே கெடைக்கலயா? ஊரு இரும்பெல்லாம் என் காதுல கொட்டிக்கினு போறியே, ஜல்தியா வண்டிய எடு, இல்ல மேலேருந்து தண்ணி ஊத்திடுவேன்!” என்று அவர் கத்தியதில் ஒரு எழுத்துகூடச் சிக்கவில்லை. அருவி மாதிரி வந்தது. திரும்பி வந்து காதணியை மாட்டினார். “திண்டி… திண்… தி…”

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று மாலை அவர் போனபிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து காதணியை மாட்டி என் பேரைச் சொன்னேன். “தேவகி” என்பதற்குள் “தே” திரும்பி வந்து காதில் மோதியது. நாக்கு பின்வாங்கியது. எனக்குத் திக்குவாய் இருந்ததே இல்லை. ஆனாலும் இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன்.

காதணியின் ஒரு பக்கத்தை ஒலிவாங்கியின் மேல் கவிழ்த்து வைத்து விரலைச் சொடுக்கினேன். பதிவில் இரண்டு சொடுக்கு விழுந்தது. ஒன்று என் விரலுடையது, இன்னொன்று கணினியைச் சுற்றிக்கொண்டு வந்தது. நடுவில் இருந்த இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. பஃபர் எண்ணைக் குறைத்தேன். இடைவெளி சுருங்கியது, உடனே அப்பளம் நொறுங்கத் தொடங்கியது. அப்படியானால் நோய் பஃபரில் இல்லை. முன்பு சின்னக் குடத்திலேயே சிந்தாமல் ஓடிய கணினி இப்போது ஏன் சிந்துகிறது?

இயங்குதளத்தின் நடுவில் கெர்னல் என்று ஒன்று உண்டு. எந்த வேலை முதலில், எது பிறகு என்று வரிசை விடுவது அதுதான். ரேஷன் கடை வரிசையில் கைக்குழந்தைக்காரியை முன்னால் விடுவது போல, ஒலி வந்தால் மற்ற வேலைகள் ஒதுங்கி வழிவிடும்படி நம் கணினியின் கெர்னலில் ஒட்டுப் போட்டு வைத்திருந்தார் புதுச்சேரி அண்ணன். எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று கேட்டுப் பார்த்தேன். பதிலில் அந்த ஒட்டின் அடையாளமான இரண்டு எழுத்து இல்லை. கணினி எப்போதோ தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து மின்சாரம் போய் வந்தபோது, ஒட்டில்லாத புதுக் கெர்னலில் எழுந்திருக்கிறது. அதற்கு ஒலியும் ஒன்றுதான், மற்றதும் ஒன்றுதான்.

மறுநாள் அக்கா வந்ததும் சொன்னேன். அவர் நம்பவில்லை. “என் மனசு நோவக் கூடாதுன்னு கத கட்றியா?” என்றார். கணினியை அணைத்து, எழும்பும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். திரை கறுத்தது. கறுத்தே இருந்தது. நிலையத்தின் பதிவுகள் எல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தன. பிரதி எடுத்து வைக்கச் சொல்லி நான் கேட்டிருந்த வட்டு இன்னும் வந்திருக்கவில்லை. என் அப்பா கரும்பு வெட்டப் போய்க் கட்டிய கல்லூரிக் கட்டணம், அந்தச் சான்றிதழ், எல்லாம் என் கண்முன்னே கறுத்துப்போனது.

“இன்னா ஆச்சி?” என்றார் அக்கா.

“தெரிலக்கா.”

“செத்துப்போச்சா?”

“தெரிலக்கா.”

“சரி, அழுதுக்கினே இரு. நான் மேடத்தாண்ட நாந்தான் ஒயர புடுங்கிட்டேன்னு சொல்லிக்கறேன். எப்டியும் போவப் போறவதானே நானு.”

அதைச் சாதாரணமாகச் சொன்னார், பாத்திரம் உடைத்த பிள்ளைக்குப் பரிந்து பேசுவது போல. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கையும் அந்தக் கறுப்புத் திரைக்குள்தான் இருந்தது. நீண்ட நேரம் கழித்துத் திரையின் மூலையில் வெள்ளை எழுத்து ஓடத் தொடங்கியது. வட்டைத் தானே சோதித்துக்கொண்டிருந்திருக்கிறது. எழுந்துவிட்டது. எண்ணைக் குறைத்தேன். அப்பளம் நொறுங்கவில்லை. ஆனாலும் எப்போதாவது ஒரு “டிக்”. ஒலிப்பெட்டியின் வயரை விசைப்பலகைக்குப் பக்கத்துத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கத் துளையில் செருகினேன். அதுவும் நின்றது. இனி எப்போது எழுந்தாலும் அந்தக் கெர்னலிலேயே எழும்படி செய்தேன்.

அக்கா காதணியை மாட்டினார். கட்டைவிரலை அழுத்தினார். “வணக்கம். நான்…” என்றார். பிறகு அந்த இடைவெளி. “அமலோற்பவம்.” திண்டிவனம் சொன்னார். தக்காளி சொன்னார். பிறகு மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். “மாதாவே! நான் இல்ல, மிசினு! இத்தினி நாளா நான் என்னையே திட்டிக்கினு இருந்தேன், இந்த மிசினு கம்னு கேட்டுக்கினு இருந்திருக்குது பாரு.” எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சர்பத் போட்டார். பழம் காய்ந்திருந்தது, கசந்தது. குடித்தோம்.

இனி புயல் நாள். அன்று நிலையத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பகலிலேயே விளக்குப் போடவேண்டிய இருட்டு. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தோம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினியின் வேகத்தைக் குறைக்கவேண்டியிருந்தது. வேகம் குறைந்ததும் ஒட்டுப் போட்ட கெர்னலாலும் ஈடுகொடுக்க முடியவில்லை, கரகரப்பு வந்துவிட்டது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆற்றங்கரை ஊர்கள் மேட்டுக்குப் போகவேண்டும் என்று தாலுகா அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். கரகரப்போடு பேசினால் ஊர்ப் பெயர்கள் நொறுங்கிப்போகும். பஃபரை ஏற்றினால் அக்கா திக்குவார். நான் எண்ணின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

“ஏத்து,” என்றார். “கேக்கறவங்க காதுதான் முக்கியம். என் காத நான் பாத்துக்கறேன்.”

காதணியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். தன் குரலை அறையில் நேராகக் கேட்டால் அவருக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் கைப்பேசியில் அழைக்கும் ஊர்க்காரர்களின் குரல் காதணியில்தான் கேட்கும். எங்கே தண்ணீர் வந்துவிட்டது, எந்தப் பாலம் மூழ்கியது என்று அவர்கள் சொல்வதை நான் கேட்டு, நாட்காட்டித் தாள்களைக் கிழித்துப் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. “இது ‘ம’வா ‘ழ’வா?” என்று விரலால் கேட்டார். ஒரு கட்டத்தில், ஆற்றோரம் இருந்த தன் அம்மாவின் தங்கை ஊரின் பெயர் என் தாளில் வந்தபோது, காதணி இல்லாமலேயே அவருக்கு நின்றது. ஒலிபரப்பில், எல்லாரும் கேட்க, முதல் எழுத்திலேயே நின்றது. விரலை அழுத்தவில்லை. மூச்சு வைக்கவில்லை. திக்கித் திக்கி அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

மழை விட்டபிறகு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மாடியேறி வந்தார். “தெனம் கேக்கற கொரலு, அன்னிக்கி ஒதறிச்சி. இந்தப் பொண்ணே பயந்துபோச்சின்னா நெசமாத்தான் தண்ணி வருதுன்னு ஆட்ட அவுத்துக்கினு ஏறிட்டோம்,” என்றார். அவர் போனதும் அக்கா, “பாத்தியா, திக்கனதுக்குக்கூட ஒரு வேல இருந்திருக்கு,” என்றார்.

இப்போது அந்தக் கணினிக் குரலுக்கு வருகிறேன். அதை எப்படிச் செய்வது என்று எனக்குக் காட்ட நிர்வாகக் குழுவில் ஒருவருடைய உறவுக்காரப் பையன், நல்ல பையன்தான், மடிக்கணினியோடு வந்தார். அக்காவின் பதிவுகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு வரியைத் தட்டச்சு செய்தார். “வணக்கம். நான்…” என்றது கணினி. பிறகு ஒரு இடைவெளி. பிறகு, “அமலோற்பவம்.”

மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அப்டியே இருக்காளே,” என்று அழுதார். அந்த இடைவெளியையும் அது கற்றுக்கொண்டிருந்தது. அதற்கு வாய் இல்லை, அழுத்துவதற்கு விரல் இல்லை, பள்ளிக்கூடத்தில் அதை யாரும் பார்த்துச் சிரித்ததில்லை. ஆனால் கதவுக்கு வெளியே எதுவோ நிற்பது போல அது நின்றது. பையன் அடுத்த வரியைத் தட்டினார். “இன்று… தக்காளி விலை” என்றது. அந்தக் கோடையைத் தவிர அக்கா தக்காளிக்கு முன்னால் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. “தேவையில்லாத எடத்துல கேப் விடுது. சின்ன பிழைதான், மொத்தமா எடுத்துடலாம்,” என்றார் பையன். அவருக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லவில்லை. அவர் எடுத்துவிடலாம் என்று சொன்னது அக்கா ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்த தாழ்ப்பாளை.

அதற்குப்பிறகு எனக்கு ஒரே நினைப்பாக இருக்கிறது. அடுத்த புயல் வரும். அன்று அந்தக் குரல் தண்ணீர் வருகிறது என்று சொல்லும். தக்காளி விலை சொல்லும் அதே குரலில், உதறாமல், தெளிவாகச் சொல்லும். ஆட்டை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று அந்தப் பெரியவர் எதை வைத்து முடிவு செய்வார்?

அக்காவின் அம்மா மகளின் குரலைக் கேட்கவேண்டும் என்று கேட்டதாக மேடம் சொன்னார். போன வாரம் கிளியனூர் போய், அக்கா உண்மையில் பேசிய பதிவுகளை அம்மாவின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டுவிட்டு, “இதுல சிரிக்கறா,” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அவர் குரலை நான் வைத்துக்கொள்ளவில்லை, அது அவருடையது. எதிலாவது தடுமாறும்போது உடனே என்னையே குற்றம் சொல்லாமல், ஒருமுறை வயரையும் பார்க்கவேண்டும் என்பதை வைத்துக்கொண்டேன். பயம் போகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை, அதோடேயே ஒரு வரியைப் படித்து முடித்துவிடலாம் என்பதையும். கூட்டத்தில் கேட்க நினைத்து உட்கார்ந்துவிட்டது இதுதான்.

வசந்தா மேடம், எனக்குக் கொடுத்த அந்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலைச் செய்ய என்னால் ஆகாது. வேறு யாரையும் செய்யவும் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாகக் காலை நிகழ்ச்சியை எனக்குக் கொடுங்கள். என் பேரைச் சொல்லி, என் குரலில் நான் படிக்கிறேன். சத்தம் போதாது, நடுங்கும், சிலர் ரேடியோவை அணைக்கவும் செய்வார்கள். பழகிக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: முதல் ஒரு வாரம், தயவுசெய்து யாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்க்காதீர்கள்.